ரவைக்குத் துணை

கதவைத் தாழ் போட்டாயிற்று, இனி ரவை இந்தப் புதியதைக் கடிக்குமா சேர்த்துக்கொள்ளுமா என்று பார்ப்பதுதான் பாக்கி, நான் கதவில் முதுகைச் சாய்த்து ஈரமில்லாத குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி, ஐம்பத்தெட்டு வயது வெள்ளிங்கிரி இரண்டு எலிகளோடு தன் வீட்டுக் குளியலறையில் அடைந்து கிடக்கிறான் என்று யாராவது கேள்விப்பட்டால் காரமடை வரைக்கும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் என் பெண்டாட்டி வசந்தாமணி தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, சீயக்காய்க் கிண்ணத்தோடு, எப்போது தனக்கு வழி விடப்போகிறேன் என்று நிற்கிறாள், நின்று கால் வலித்து முக்காலியை இழுத்துப் போட்ட சத்தம் இப்போதுதான் கேட்டது. ரவை வாஷ்பேசினுக்குக் கீழே மூலையில் இருக்கிறாள், வெள்ளை உடம்பு, தலையும் தோளும் மட்டும் காப்பிப்பொடி நிறம், முடியெல்லாம் சிலிர்த்து மேலே நிற்கிறது, அது நல்லதில்லை. புதியது எதிர் மூலையில் பக்கெட்டுக்குப் பின்னால், கருப்பு, சின்னது, மூக்கு நுனி மட்டும் வெளியே, அது ஒரு நொடிக்குப் பத்துத் தடவை அசைகிறது. ரவை சாப்பிட்டுப் பதினாறு நாளாகிறது, அதாவது ஒழுங்காகச் சாப்பிட்டு, என் விரல் நுனியில் கஞ்சியைத் தடவி நீட்டினால் இரண்டு நக்கு நக்குவாள், அவ்வளவுதான், அதையும் என் மனசு நோகக்கூடாது என்று செய்கிறாளோ என்னவோ. சமையலறைத் தராசில் வைத்தால் முன்பு இருநூற்றெண்பது கிராம், இன்று காலையில் இருநூற்றுப்பத்து. டாக்டரம்மா நோய் ஒன்றும் இல்லை என்றுவிட்டார், ஜோடி போய்விட்டது, தனியாக இருந்தால் இப்படித்தான் வாடும், இன்னும் ஒரு வாரம் தாங்குவது சந்தேகம் என்றார். அதனால்தான் இந்தக் கருப்பி, அதனால்தான் இந்தக் குளியலறை.

குளியலறைதான் சரி என்று சொன்னது மோகனப்பிரியா, எங்கள் ஒரே மகள், புனேயிலிருந்து போனில், கூண்டுக்குள்ள கொண்டுபோய் விட்றாதீங்கப்பா, அது ரவையோட வீடு, அங்க விட்டா கொன்னு போட்டுரும், ரெண்டுக்குஞ் சொந்தமில்லாத எடமாப் பாத்து விடுங்க, வாசமே இல்லாமக் கழுவி விடுங்க என்று. கழுவினேன், வினிகர் ஊற்றி இரண்டு தடவை, சுவரில் இடுப்பு உயரத்துக்கு, எலிக்கு இடுப்பு உயரம் எதற்கு என்று பிறகுதான் தோன்றியது. எலிகளைப் பற்றி அந்தப் பெண் எனக்குச் சொல்லித் தருகிறாள், எனக்கு, இருபத்தாறு வருஷம் பூச்சிமருந்துக் கம்பெனியில் எலி ஒழிப்பு வேலை பார்த்தவனுக்கு. மில் குடோன், கல்யாண மண்டபச் சமையல்கட்டு, பஞ்சாலை கேண்டீன், ஹோட்டலுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவேன், முன்வாசலில் எங்களை வரவிடமாட்டார்கள், சாப்பிடுகிறவர்கள் பார்த்துவிடுவார்களாம். எலி நடுவில் நடக்காது, சுவரை ஒட்டியே போகும், மீசை சுவரில் உரச வேண்டும் அதற்கு, அதனால் பொறியைச் சுவரோரம் வை. புதிதாக ஒரு சாமான் வைத்தால் நாலு நாள் கிட்டேயே வராது, அதனால் பொறியை முதலில் வெறுமனே வை, பழகட்டும். ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம், எல்லாம் அதனால் இதைச் செய் என்றுதான் முடியும், செய்ததெல்லாம் ஒன்றுதான். பிறகு இந்த மகள் காலேஜ் முடித்த கையோடு ஒரு பெரிய கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடு வீட்டில் வைத்தாள், உள்ளே இரண்டு, அக்கா தங்கை, ரவை, சேமியா. வசந்தாமணி மூக்கைப் பொத்திக்கொண்டு, எலிக்காரர் வீட்டுல எலி வளக்கறாங்கன்னு ஊரே பேசப்போகுது, நான் இந்தக் கூண்டுப் பக்கமே வரமாட்டேன் என்று சொன்னாள், சொன்னபடி வரவும் இல்லை. மகள் வேலைக்குப் போகும்போது என்னிடம், ஆறு மாசந்தாம்ப்பா, உங்களுக்குத்தான் எலியப் பத்தி எல்லாந் தெரியுமே என்றாள். நான் சரி சாமி என்றேன். அது குத்தலா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் தெரியும்தான், அதுகள் சந்தோஷமாக இருந்தால் என்ன செய்யும் என்பதைத் தவிர. முதல் வாரமே ஒரு நாள் சேமியா என் தொடைமேல் படுத்துக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தாள், கண் இரண்டும் உள்ளும் வெளியுமாகத் துடிக்கிறது, அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பயந்துபோய் மகளுக்கு வீடியோ காலில் காட்டினால் அவள் சிரிக்கிறாள், அது ரொம்ப சந்தோஷமா இருக்குதுப்பா, அப்பிடித்தான் பண்ணும். பல் கடிக்கிற சத்தத்தை நான் குடோன்களில் எத்தனை தடவை கேட்டிருப்பேன், மரத்தைக் கடிக்கிறது, ஒயரைக் கடிக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்திருப்பேன், அதில் எத்தனை சும்மா குடும்பமாகப் படுத்துக்கொண்டு திருப்தியில் கடித்ததோ. ரவை அப்படிக் கடித்துப் பதினாறு நாளாகிறது. இப்போது மூலையை விட்டு நகர்கிறாள். சுவரோரமாக, குழாய்க்குக் கீழே, நின்று ஒரு சொட்டு மூத்திரம் விட்டு, மறுபடி நகர்ந்து, அது அவளுடைய கையெழுத்து, இடம் என்னுடையது என்று பட்டா எழுதுகிறாள், யாருடையதும் இல்லாத இடம் இத்தனை நேரந்தான் தாக்குப்பிடித்தது. கருப்பி அசையவில்லை. அசையாதே கண்ணு, அப்படியே இரு, அவள் பெரியவள், வந்து மோந்து பார்க்கட்டும். அடுத்தது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, கடைசி எலி எங்களுக்கு எப்போதும் சுலபமான எலி, கூட்டம் மொத்தமும் போய் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தால் அதைப் பற்றிக் கம்பெனியில் யாரும் கவலைப்படமாட்டோம், அது பகலிலேயே வெளியே வந்து நிற்கும், ஓடக்கூட ஓடாது, நாங்கள் அதை மருந்தின் மயக்கம் என்று சொல்லிக்கொள்வோம். மருந்தே தின்னாதது கூட அப்படித்தான் நின்றது என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

சேமியாவை நினைக்கக்கூடாது என்று உட்கார்ந்தால் அதுதான் முதலில் வருகிறது. விநாயகர் சதுர்த்தி அன்று மண் பிள்ளையாருக்குப் பொட்டு வைத்தேன், காலடியில் இருந்த மூஞ்சூறுக்கும் வைத்தேன், விரலில் குங்குமம் மிச்சம் இருந்தது, கூண்டு பக்கத்தில் இருந்தது. எத்தனை எலிகளைக் கொன்றிருப்பேன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணினால் சோறு இறங்காது, அன்றைக்கு மட்டும் என்னமோ தோன்றியது, இரண்டின் நெற்றியிலும் மோதிர விரலால் ஒரு தீற்று, விளையாட்டுப்போல, மன்னிப்புப்போல, தனியாக நின்று கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். ரவை அன்றைக்கே நக்கி நக்கிச் சுத்தம் செய்துவிட்டாள். சேமியா தலையோடு முழு வெள்ளை, அவளுக்கு மறுநாளும் கண்ணோரம் சிவப்பு, மூக்கோரம் சிவப்பு, வெள்ளை முடியில் ஒட்டினால் போகுமா, வசந்தாமணியின் வகிட்டுக் குங்குமம் தலையணை உறையில் ஒட்டினால் மூன்று சலவைக்கும் போகாது, பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அடுத்த நாள் காலையிலும் இருந்தது, துடைத்தேன். ஐந்து நாள். தும்மினாள், குங்குமப் பொடி மூக்கில் ஏறியிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன், எனக்குத்தான் எலியைப் பற்றி எல்லாம் தெரியுமே. ஆறாம் நாள் விலா இழுத்து மூச்சு விடுகிறாள், தூக்கிக்கொண்டு ஓடினேன், டாக்டரம்மா சின்னப் பெண், பார்த்துவிட்டு, எத்தன நாளாங்கய்யா இப்பிடிச் செவப்பா வருது என்றார், நான் அது குங்குமங்க மேடம் என்றேன், சொல்லும்போது சிரித்தேன் கூட. அவர் பஞ்சால் ஒற்றிப் பார்த்து, இது குங்குமமில்லீங்கய்யா, ரத்தமுமில்ல, இதுகளுக்குக் கண்ணுல ஊறுற தண்ணியே இப்பிடிச் செவப்பாத்தான் இருக்கும், ஒடம்புக்கு முடியாமப் போனா வழியும், தொடைச்சுவிடக்கூட அதுக்குத் தெம்பில்ல போல, நுரையீரல் பூராச் சளி என்றார். கண்ணீர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானாகச் சொல்லிக்கொண்டேன், வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு நாள் மருந்து கொடுத்தேன், மூன்றாம் நாள் விடியும்போது ரவை அவள் மேல் ஏறிப் படுத்து முகத்தை நக்கிக்கொண்டிருந்தாள், அது உயிரில்லாத முகம். மகளிடம் சளி கட்டிருச்சு சாமி என்று மட்டும் சொன்னேன், பொய்யில்லை, பாதி. எலியைக் கொல்ல எனக்குப் பாஷாணமே வேண்டியதில்லை, பொட்டு வைத்தே கொன்றுவிட்டேன், இதை யாரிடம் போய்ச் சொல்வது.

கீச்சென்று ஒரு சத்தம், நினைப்பெல்லாம் அறுந்துவிட்டது, ரவை பாய்ந்துவிட்டாள், எப்போது நகர்ந்தாள், நான் பார்க்கவே இல்லை, பக்கெட் உருண்டு இரண்டும் ஒரே பந்தாகப் புரள்கிறது, கருப்பு வெள்ளை கருப்பு, கருப்பி மல்லாந்து கிடக்கிறாள், ரவை மேலே, இரண்டு கையாலும் அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டு கழுத்தில் வாய் வைத்திருக்கிறாள். என் கை துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டது தானாக, பழைய கை, எத்தனையோ தடவை இப்படிச் சுற்றியிருக்கிறது, நடுவில் கை விட்டால் நிறுத்திவிடலாம். மகள் போனில் சொன்னது, ரத்தம் வந்தா மட்டும் பிரிங்கப்பா, சத்தத்துக்குப் பிரிக்காதீங்க, பாதியில பிரிச்சா அப்பறஞ் சேரவே சேராது. ரத்தம் வருகிறதா, கருப்பு முடியில் எப்படித் தெரியும், சிவப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற யோக்கியதை எனக்கு உண்டா. கருப்பி கத்துகிறாள், குழந்தை மாதிரி, பிரிக்கிறேன், இல்லை, இன்னும் ஒரு மூச்சு, ஒன்று, இரண்டு, கை நீண்டுவிட்டது, நிறுத்து வெள்ளிங்கிரி. ரவையின் தாடை அசைகிறது, கடிக்கிற அசைவில்லை அது, சின்னச் சின்னதாக, கழுத்து முடியை விலக்கி விலக்கி, வாருகிறாள், பிடித்து வைத்து வலுக்கட்டாயமாகத் தலை வாருகிறாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று வசந்தாமணி மகளைத் தொடைக்கு நடுவில் இடுக்கி வாருவாளே அப்படி. கருப்பி கத்துவதை நிறுத்திவிட்டாள். நான் துண்டைக் கீழே வைத்துவிட்டு என் மூச்சு எங்கே போனது என்று தேடினேன்.

"ஏனுங், என்னங் சத்தம்? கடிச்சுப் போட்டுதா?" கதவுக்குப் பக்கத்திலேயே, முக்காலியை ஒட்டிப் போட்டிருக்கிறாள் போல.

"இல்ல அம்மிணி. தல வாருது."

"என்னது?"

"தல வாருதுன்னேன். மெதுவாப் பேசு."

"எனக்குங் காதுக்குள்ள எண்ண எறங்குது. நானுந் தல வாரோணும்." ஆனால் குரல் கோபத்தில் இல்லை, மெதுவாகத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "புதுசு என்னங் நெறம்?" என்றாள்.

"கருப்பு."

"அப்பக் கடுகுன்னு வைங்க."

பேர் வைக்கிறாள், கூண்டுப் பக்கமே வரமாட்டேன் என்றவள். ரவை இப்போது அதை விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளிப் போய்த் தன் மூஞ்சியைத் துடைத்துக்கொள்கிறாள், கடுகு புரண்டு எழுந்து உடம்பை உதறிக்கொள்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காததுபோல் இருக்கின்றன, இப்போதுதான் இந்தக் கதவு நடுவில் இருக்கிறது, முகம் பார்க்க வேண்டியதில்லை, முப்பத்தொரு வருஷத்தில் இவளிடம் முகம் பார்த்துச் சொன்னதெல்லாம் காய் வாங்கவும் கரண்ட் பில்லும், சொல்லிவிடலாம், சொன்னால் என்ன ஆகும், மகளிடம் சொல்லிவிடுவாள், சொல்லட்டும். கதவுப் பக்கம் தலையைத் திருப்பினேன்.

"அம்மிணி. சேமியா மூஞ்சில இருந்தது குங்குமமில்ல. நோவு. டாக்டரம்மா சொன்னாங்க. நான் அஞ்சு நாளாக் குங்குமம்னு நெனச்சுத் தொடைச்சுட்டே இருந்துட்டேன். முன்னாலயே கொண்டு போயிருந்தாப் பொழச்சிருக்கும்."

முக்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது. எழுந்து போய்விட்டாள் என்று நினைத்தேன், எண்ணெய் வாசம் மட்டும் கதவிடுக்கில் வந்துகொண்டிருந்தது.

"நானுந்தானுங் தொடைச்சேன்," என்றாள்.

"எப்ப?"

"சாயங்காலம். நீங்க நடக்கப் போனப்பறம். கிட்ட வரமாட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சனில்ல, உங்ககிட்டச் சொன்னாச் சிரிப்பீங்க. முந்தானைய நனைச்சுத் தொடைச்சேன். கைய நக்குச்சு. இந்த மனுசன் பொட்டு வெச்சாப் பொட்டாவா வெப்பாரு, அப்பிக் கெடக்குது பாருன்னு உங்களத்தான் வஞ்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "செத்ததும் எனக்குத் திக்குன்னுச்சுங். எங்கிட்ட யாருங் கேக்கல. நானுஞ் சொல்லல."

நான் காலையில் துடைத்தேன், அவள் சாயங்காலம் துடைத்தாள். நான் துடைத்தது சாயங்காலத்துக்குள் ஊறி அவளுக்குத் தெரிந்தது, அவள் துடைத்ததால் காலையில் எனக்குக் கம்மியாகத் தெரிந்தது, கம்மியாகிறது, போய்விடும் என்று நான் நினைத்தேன், இரண்டு பேரும் ஒரு வீட்டில், ஒரு குங்குமத்தை, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல். ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், ஏனுங் இன்னும் போகலையே என்று அவளோ, ஏம்மிணி தினம் வருதே என்று நானோ. பதினாறு நாளாக நான் சுவரோரம் நடந்துகொண்டிருக்கிறேன், அவளும் நடந்திருக்கிறாள், எதிர்ச் சுவரோரம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, நெஞ்சில் வைத்திருந்த பாரத்தில் ஒரு கைப்பிடியை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது, கண் கரித்தது, வினிகர் வாசமாகவும் இருக்கலாம். "மோகனாகிட்ட நாஞ் சொல்றேன்," என்றேன். "ரெண்டு பேருஞ் சொல்லுவோமுங்," என்றாள். அப்புறம், "அது சாப்புட்டுதா?" என்று கேட்டாள்.

சாப்பிடவில்லை. தரைக்கு நடுவில் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கிறது, வேகவைத்த பட்டாணி, கொஞ்சம் பூசணி, தயிர் பிசைந்த சாதம் ஒரு உருண்டை, மகள் சொன்ன பட்டியல்படி. ரவை தட்டைச் சுற்றிப் போகிறாள், ஒரு தடவை, இரண்டு தடவை, மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள், பதினாறு நாளாக இதேதான், தட்டுக்கு வருவாள், போய்விடுவாள். சேர்த்துக்கொண்டது சரி, சாப்பிடாவிட்டால் சேர்த்துக்கொண்டு என்ன பயன், இருநூற்றுப்பத்து இருநூறாகும், நூற்றுத்தொண்ணூறாகும். கடுகுதான் பக்கெட் பின்னாலிருந்து மெல்ல வருகிறது, பயமும் பசியுமாக, பசி ஜெயித்துவிட்டது, ஒரு பட்டாணியை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தோலை உரித்து உரித்துத் தின்கிறது. ரவை திரும்பினாள். அருகே வந்தாள். மறுபடி சண்டை என்று நான் நிமிர்ந்தேன், இல்லை, கடுகின் வாய்க்கு நேராக மூக்கைக் கொண்டுபோய் வைத்து மோந்து பார்க்கிறாள், அசையாமல், வாயில் இருந்து வருகிற மூச்சை. எனக்கு இது தெரியும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தின்றுவிட்டு வந்ததன் வாயை மற்றது மோந்து பார்க்கும், அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால்தான் தானும் போய் அதைத் தின்னும், அதனால் உடனே கொல்கிற மருந்து கூடாது, நாலு நாள் கழித்துக் கொல்கிற மருந்துதான் வேண்டும், தின்றது தெம்பாகத் திரும்பிப் போய் எல்லாருக்கும் வாயைக் காட்டட்டும், கூட்டம் மொத்தமும் நம்பி வரும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லித் தந்தது இது, பிறகு நான் இருபது பையன்களுக்குச் சொல்லித் தந்தது. அதுகள் ஒன்றை ஒன்று நம்புவதைத்தான் நாங்கள் மருந்தாகக் கலந்து வைத்தோம். சேமியா போன பிறகு ரவைக்கு மோந்து பார்க்க ஒரு வாய் இல்லை. கஞ்சியும் பூசணியும் மகளின் பட்டியலும் எல்லாம் இருந்தது, நான் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை, நீயும் தின்னு என்று சொல்ல ஒரு வாய் இல்லை.

ரவை மூக்கை எடுத்துவிட்டாள். மூச்சு விடக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தட்டுக்குப் போனாள், பூசணியைத் தாண்டினாள், சாதத்தைத் தாண்டினாள், கடுகு எடுத்த இடத்திலிருந்தே ஒரு பட்டாணியை எடுத்தாள், இரண்டு கையிலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கைகள் மெலிந்து போயிருக்கின்றன, கடித்தாள். தோலைத் துப்பினாள். உள்ளே இருந்ததைத் தின்றாள். இன்னொன்று எடுத்தாள். கடுகு தள்ளி உட்காராமல் ஒட்டிக்கொண்டே உட்கார்ந்து தின்கிறது, விலா விலாவோடு, ரவை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது. நான்காவது எடுக்கும்போது தட்டு லேசாக நகர்ந்து தரையில் சத்தம் வந்தது.

"என்ன பண்ணுதுங்?" என்றாள் வசந்தாமணி, கதவில் வாயை வைத்து, கிசுகிசுப்பாக.

"சாப்புடுது."

"யாரு, கடுகா?"

"ரவை."

என் முதுகுக்குப் பின்னால் கதவு லேசாக அழுந்தியது, அவளும் சாய்ந்துகொண்டாள் போல.

"குக்கர்ல இன்னும் பட்டாணி இருக்குது," என்றாள். "வேணுமான்னு கேளுங்."

நான் குனிந்து கேட்டேன்.